படுத்த கோடு, நின்ற கோடு, இணை கோடு: சாய்வுக் கணக்கில் எந்தத் தப்புக்கு எது மருந்து

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் சாய்வுக்கு இருப்பது ஒரே ஒரு சின்னச் சூத்திரம். கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள். ஒய் எண்களின் வித்தியாசத்தை எக்ஸ் எண்களின் வித்தியாசத்தால் வகு. முடிந்தது. இவ்வளவு சின்ன விஷயத்தில் இத்தனை விதமாகத் தப்பு வருமா என்று விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் சில வருடம் திருத்தினால் கை பழகிவிடும். விடையைப் பார்த்ததுமே பிள்ளை எந்த இடத்தில் வழுக்கியது என்று சொல்லிவிடலாம். அதில் பல தப்புகளுக்குக் காரணம் கணக்கே கிடையாது, நாம் பேசும் தமிழ்ச் சொற்கள்தான்.

கீழே உங்கள் தாளில் தெரியும் அறிகுறியைத் தேடிப் பிடித்து அங்கே மட்டும் படித்தால் போதும். முதல் அறிகுறியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

(இலங்கையில் படிப்பவர்களுக்கு: இங்கே சாய்வு என்று சொல்வதை உங்கள் புத்தகம் படித்திறன் என்கிறது. கணக்கு ஒன்றுதான். அந்தச் சொல் இருப்பதால் முதல் குழப்பம் உங்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.)

அறிகுறி: நின்ற கோட்டுக்குச் சாய்வு 0 என்று எழுதியிருக்கிறீர்கள்

இதுதான் எல்லாத் தப்புக்கும் தாய். சுவர் சாய்ந்திருக்கிறது என்றால் நமக்கு என்ன பொருள்? நேராக நிற்கவில்லை என்று பொருள். நேராக நிற்கும் சுவருக்குச் சாய்வே இல்லை. தென்னை மரமும் அப்படித்தான், லைட் கம்பமும் அப்படித்தான். பேசத் தொடங்கிய நாளிலிருந்து பழகிய சொல் இது. அந்தப் பழக்கத்தோடு கணக்கு வகுப்புக்கு வரும் பிள்ளை, நின்ற கோட்டைப் பார்த்ததும் ‘சாய்வு இல்லை, அப்போ 0’ என்று எழுதுகிறது. அதன் தமிழில் ஒரு தப்பும் இல்லை. சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை நின்ற நிலையிலிருந்து பார்க்கிறோம். கணக்கில் கோட்டின் சாய்வைப் படுத்த நிலையிலிருந்து, அதாவது எக்ஸ் அச்சிலிருந்து, அளக்கிறோம். தொடங்கும் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கான மருந்தை நான் எந்தப் புத்தகத்திலும் எடுக்கவில்லை. வீட்டு மொட்டை மாடிக்குத் தளம் போட்டபோது மேஸ்திரி வாய்க்கு வாய் ‘வாட்டம்’ என்றார். மழைத் தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓட வேண்டுமே, அதற்காகத் தளத்தை லேசாக இறக்கிக் கட்டுவது. பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்குச் சொன்னார். பத்தடி என்றால் 120 அங்குலம். 120 நகர்ந்தால் 1 இறங்குகிறது. ஆக, குழாயை நோக்கி நடப்பவருக்கு அந்தத் தளத்தின் சாய்வு −1/120. சாய்வு என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாட்டம் என்று வைத்துப் பாருங்கள், குழப்பம் தானாகத் தெளியும்.

வாட்டமே வைக்காத தளத்தில் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் தேங்கி நிற்கும். அதுதான் சாய்வு 0. எவ்வளவு வாட்டம் என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று ஒரு பதில் இருக்கிறது. சரி, மாடியின் கைப்பிடிச் சுவருக்கு எவ்வளவு வாட்டம்? நான் வேண்டுமென்றே கேட்டேன். மேஸ்திரி கரணையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ‘சுவருக்கு ஏது சார் வாட்டம்?’ அந்தப் பதிலைத்தான் பாடப்புத்தகம் ‘வரையறுக்க இயலாது’ என்கிறது.

அறிகுறி: 0/5, 5/0 இரண்டுக்கும் ஒரே விடை போட்டிருக்கிறீர்கள்

(2, 3), (7, 3) என்ற புள்ளிகளை எடுங்கள். மேலே 3 − 3 = 0, கீழே 7 − 2 = 5. சாய்வு 0/5, அதாவது 0. படுத்த கோடு.

(4, 1), (4, 6) என்ற புள்ளிகளுக்கு மேலே 6 − 1 = 5, கீழே 4 − 4 = 0. இப்போது கையில் இருப்பது 5/0. வகுத்தல் சரியா என்று பெருக்கிப் பார்ப்போம் அல்லவா, அதையே இங்கேயும் செய்யுங்கள். எந்த எண்ணை 0 ஆல் பெருக்கினால் 5 வரும்? எந்த எண்ணாலும் வராது. அதனால் சாய்வு என்று எழுத ஓர் எண்ணே இல்லை. 0 என்று எழுதினால் 0 × 0 = 5 என்று சொன்னதாகிவிடும்.

கணக்கில் 0/0 வந்து நிற்கிறதா? அப்படியானால் கோட்டைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே புள்ளியை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். வினாத்தாளிலிருந்து புள்ளிகளை மறுபடி பார்த்து எழுதுங்கள்.

அறிகுறி: நின்ற கோட்டுக்கு ‘முடிவிலி’ என்று எழுதி மதிப்பெண் போயிற்று

பேச்சுவாக்கில் ஆசிரியர்களே சொல்வதுண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். தாளில் எழுதாதீர்கள். சாய்வு என்பது சாய்வுக் கோணத்தின், அதாவது கோடு எக்ஸ் அச்சோடு அமைக்கும் கோணத்தின், டேன் (tan) மதிப்பு. 89 பாகைக்கு அது ஏறக்குறைய 57.29. 89.9 பாகைக்கு ஏறக்குறைய 573. இப்படி 90-ஐ நெருங்க நெருங்க மேலே பறக்கிறது. அந்தப் பக்கமிருந்து வந்தால் 91 பாகைக்கு −57.29, 90.1 பாகைக்கு −573. ஒரு பக்கம் வானத்துக்கும் மறுபக்கம் பாதாளத்துக்கும் ஓடுகிற ஒன்றுக்கு நடுவில் எந்த முடிவிலியை வைப்பது? ‘சாய்வை வரையறுக்க இயலாது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

அறிகுறி: படுத்த கோட்டுக்கு எக்ஸ் = 4 என்று சமன்பாடு எழுதியிருக்கிறீர்கள்

எக்ஸ் அச்சுக்கு இணையான கோடு, அதனால் சமன்பாட்டிலும் எக்ஸ்தான் வரும் என்று மனசு சொல்லும். மனசை நம்பாமல் கோட்டின் மேல் மூன்று புள்ளிகளை எழுதிப் பாருங்கள்: (−2, 4), (0, 4), (5, 4). இதில் எது மாறாமல் நிற்கிறது? ஒய். எனவே ஒய் = 4. கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்த எண் மாறிக்கொண்டே போகும், மற்றது அசையாது. சமன்பாட்டில் அசையாத எண்ணைத்தான் எழுதுகிறோம். எக்ஸ் அச்சின் சமன்பாடே ஒய் = 0 தான் என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தப்பு திரும்ப வராது.

அறிகுறி: ‘செங்குத்து’ என்று பார்த்ததும் நின்ற கோடு வரைந்துவிட்டீர்கள்

இரண்டாவது பெரிய சொல் குழப்பம் இது. இதற்குப் பிள்ளைகளைத் திட்டவே கூடாது. ‘செங்குத்தான மலை’ என்றால் நட்டமாக நிற்பது. ‘இந்தக் கோட்டுக்குச் செங்குத்தான கோடு’ என்றால் அதனோடு 90 பாகையில் சேர்வது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மல்லாடுகிறோம்.

இங்கேயும் மேஸ்திரியின் பையைத்தான் திறக்க வேண்டும். அதில் மூன்று கருவிகள். ரசமட்டம் ஒரு பரப்பு படுத்திருக்கிறதா என்று பார்க்கும். தூக்குக்குண்டு ஒரு சுவர் நின்றிருக்கிறதா என்று பார்க்கும். இந்த இரண்டுக்கும் ஒரே ஒரு கோடு இருந்தாலே போதும், பூமி மீதியைச் சொல்லிவிடும். மூலைமட்டத்துக்கு அது போதாது. எப்போதும் இரண்டு விளிம்புகள் வேண்டும், அவை தமக்குள் 90 பாகையா என்று மட்டுமே பார்க்கும். சாய்த்துப் போட்ட மேசையின் மூலையிலும் மூலைமட்டம் சரியாகப் பொருந்தும். வினாவில் ஒரு கோட்டைப் பற்றித்தான் பேச்சா, இரண்டைப் பற்றியா? ஒன்று என்றால் தூக்குக்குண்டு, இரண்டு என்றால் மூலைமட்டம்.

ஓர் உதாரணம். ஒய் = 2எக்ஸ் + 1 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக (3, 4) வழியே போகும் கோடு எது? குழம்பியவர் எக்ஸ் = 3 என்று எழுதுவார். அது தூக்குக்குண்டு விடை. கேட்டிருப்பது மூலைமட்டம். முதல் கோட்டின் சாய்வு 2, அதனோடு பெருக்கினால் −1 வர வேண்டும், ஆக நமக்குத் தேவையான சாய்வு −1/2. அதை வைத்து எழுதினால் எக்ஸ் + 2ஒய் − 11 = 0. (3, 4) இதில் பொருந்துகிறதா? 3 + 8 − 11 = 0. பொருந்துகிறது.

இலங்கைப் புத்தகங்களில் நிற்பதை நிலைக்குத்து என்றும், ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருப்பதைச் செங்குத்து என்றும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. என் வகுப்பில் நான் அதைக் கடன் வாங்கிக்கொண்டேன்.

அறிகுறி: எண் ஏதோ வந்தது, ஆனால் விடைக் குறிப்போடு ஒத்துப்போகவில்லை

இதற்கு உங்கள் தப்பு விடையே துப்புச் சொல்லும். (3, −2), (−1, 6) என்ற புள்ளிகளை வைத்துப் பார்ப்போம். மேலே 6 − (−2) = 8, கீழே −1 − 3 = −4, சரியான சாய்வு −2.

உங்களுக்கு 2 வந்ததா? மேலே இரண்டாம் புள்ளியிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, கீழே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்திருக்கிறீர்கள். எந்தப் புள்ளியை முதலில் எடுத்தாலும் தப்பில்லை, மேலே எடுத்த வரிசையே கீழேயும் இருக்க வேண்டும். −1/2 வந்ததா? எக்ஸ் வித்தியாசத்தை மேலே வைத்துவிட்டீர்கள். 1/2 என்றால் இரண்டு தப்பும் சேர்ந்து நடந்திருக்கிறது. −1 வந்தால் 6 − (−2) என்பதை 4 ஆக்கியிருக்கிறீர்கள், கழித்தலுக்குள் இருந்த கழித்தலைக் கண் தவறவிட்டது. 4 வந்தால் −1 − 3 என்பது 2 ஆகியிருக்கிறது.

கணக்குப் போடும் முன்பே தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு புள்ளிகளையும் தோராயமாக வைத்துப் பார்த்தால் குறித் தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும். இடமிருந்து வலமாகப் போகும்போது கோடு ஏறினால் மிகை, இறங்கினால் குறை. மேலே உள்ள கோடு (−1, 6)-லிருந்து (3, −2)-க்கு இறங்குகிறது. அப்புறம் 2 எப்படி வரும்?

அறிகுறி: இணை இல்லாத கோடுகளை இணை என்று சொல்லிவிட்டீர்கள்

3எக்ஸ் + 2ஒய் = 7 என்ற கோட்டின் சாய்வு 3 என்று எழுதுபவர்கள் நிறைய. எக்ஸுக்கு முன்னால் இருப்பதுதான் சாய்வு என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். அது ஒய் தனியாக ஒரு பக்கம் நிற்கும்போது மட்டும்தான் உண்மை. இங்கே ஒய்யைத் தனியே பிரித்தால் ஒய் = −(3/2)எக்ஸ் + 7/2. சாய்வு −3/2.

மனப்பாட முறையில் போனவர் 3எக்ஸ் + 2ஒய் = 7, 3எக்ஸ் − 2ஒய் = 1 இரண்டையும் இணை என்பார். அவை (4/3, 3/2) என்ற இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. 6எக்ஸ் + 4ஒய் = 9 என்பதை இணை இல்லை என்று ஒதுக்குவார். அதன் சாய்வு −6/4, சுருக்கினால் அதே −3/2, இணைதான்.

குறுக்குவழி வேண்டுமென்றால், எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்துவிட்டு எக்ஸின் கெழுவை ஒய்யின் கெழுவால் வகுத்து முன்னால் கழித்தல் குறி போடுங்கள். 2ஒய் + 8 = 0 என்பதில் எக்ஸ் இல்லை, கெழு 0, சாய்வு 0, படுத்த கோடு. 5எக்ஸ் − 15 = 0 என்பதில் ஒய் இல்லை, கீழே 0 வந்துவிடுகிறது, நின்ற கோடு.

அறிகுறி: சாய்வு சமமாக இருக்கிறது, ஆனாலும் ‘இணை’ தப்பு என்கிறார்கள்

3எக்ஸ் + 2ஒய் = 7 என்பதையும் 9எக்ஸ் + 6ஒய் = 21 என்பதையும் பாருங்கள். இரண்டாவது முதலாவதின் மூன்று மடங்கு. இரண்டு கோடுகளே இல்லை, ஒரே கோடு இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இணை என்று எழுதும் முன் மாறிலியையும் ஒப்பிட வேண்டும்.

(1, 2), (3, 5), (7, 11) போன்ற மூன்று புள்ளிக் கணக்கிலும் இதே கதை. முதல் இரண்டுக்குச் சாய்வு 3/2, பின் இரண்டுக்கு 6/4, அதாவது 3/2. நடுவில் எழுதிய (3, 5) இரண்டுக்கும் பொது. எனவே மூன்றும் ஒரு கோட்டில் அமைந்தவை. இதில் ‘இணை’ என்ற சொல்லே வரக் கூடாது.

அறிகுறி: இறுதி விடை சரி, ஆனால் நடுவில் மதிப்பெண் வெட்டியிருக்கிறார்கள்

ஒரு மாதிரித் தேர்வில் நான் வைத்த கேள்வி: ஏ(2, 1), பி(2, 5), சி(6, 8), டி(6, 4) என்ற புள்ளிகள் இணைகரத்தை அமைக்கும் எனக் காட்டுக. ஒரு தாளில் இப்படி இருந்தது: ஏபி சாய்வு 4/0 = 0. சிடி சாய்வு −4/0 = 0. சாய்வுகள் சமம், எனவே இணை. பிசி சாய்வு 3/4, டிஏ சாய்வு 3/4, சமம், எனவே இணை. ஆகவே இணைகரம்.

முடிவு சரி. பிசி, டிஏ பகுதி அழகாகச் சரி. முதல் பகுதி மட்டும் இருட்டில் நடந்து தற்செயலாக வாசலைக் கண்டுபிடித்த மாதிரி. ஏபியும் சிடியும் படுத்த கோடுகள் என்று அந்தத் தாள் சொல்லியிருக்கிறது, உண்மையில் அவை நின்ற கோடுகள். இந்தக் கணக்கில் மாட்டாமல் தப்பித்துவிட்டது. பக்கத்துக் கேள்வியில் ஒரு நின்ற கோடும் ஒரு படுத்த கோடும் வந்திருந்தால் இரண்டுக்கும் 0 போட்டு, இணை என்று எழுதியிருக்கும்.

இன்னொரு மாணவி அதே இடத்தில் ‘வரையறுக்க இயலாது = வரையறுக்க இயலாது, எனவே சமம்’ என்று எழுதியிருந்தாள். இது முன்னேற்றம், ஆனால் இல்லாத இரண்டு எண்களை எப்படிச் சமம் என்பது? சாய்வு சமம் என்றால் இணை என்ற விதி நின்ற கோடுகளுக்குப் பேசுவதே இல்லை. அவற்றுக்குத் தனியாக ஒரு வரி எழுதினால் போதும்: ‘ஏபி, சிடி ஆகியவற்றின் சமன்பாடுகள் முறையே எக்ஸ் = 2, எக்ஸ் = 6. இரண்டும் ஒய் அச்சுக்கு இணை, எனவே ஒன்றுக்கொன்று இணை.’ சாய்வு என்ற சொல்லே இல்லாமல் வேலை முடிந்தது.

பெருக்கினால் −1 என்ற விதிக்கும் இதே வரம்பு உண்டு. எக்ஸ் = 2 என்ற கோடும் ஒய் = 5 என்ற கோடும் செங்குத்து என்பதைக் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் ஒன்றின் சாய்வு 0, மற்றதற்குச் சாய்வே கிடையாது. எதை எதனோடு பெருக்குவது?

அறிகுறி: வரைபடத்தில் 45 பாகை மாதிரித் தெரிகிறது, சாய்வு 1 வரவில்லை

அளவுத்திட்டத்தைப் பாருங்கள். பொதுத்தேர்வின் வரைபடக் கேள்வியில் எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 10 அலகு என்று எடுப்பது சாதாரணம். (0, 0)-லிருந்து (5, 50)-க்குப் போகும் கோடு அந்தத் தாளில் 5 செ.மீ.க்கு 5 செ.மீ., பார்வைக்குச் சரியாக 45 பாகை. உண்மைச் சாய்வு 10. பாகைமானியை வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

வேடிக்கை என்னவென்றால் இந்த இழுப்பில் இணை கோடுகள் இணையாகவே இருக்கின்றன, படுத்ததும் நின்றதும் அப்படியே இருக்கின்றன. மூலைமட்டம்தான் தோற்றுப்போகிறது. சாய்வு 10, −1/10 உள்ள இரண்டு செங்குத்துக் கோடுகளை அதே தாளில் வரைந்தால் நடுவில் 46 பாகைகூட இருக்காது.

கண்ணை நம்பக் கூடாது என்பதற்கு ஊட்டி ரயிலையும் சொல்லலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டம் பிடித்து ஏறும் அந்தப் பாதையின் ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. சாய்வு 1/12, கோணம் 5 பாகைக்கும் குறைவு. நோட்டில் வரைந்தால் கிட்டத்தட்டப் படுத்த கோடு மாதிரிதான் தெரியும்.

அறிகுறி: கால்குலேட்டரும் கணினியும் வேறு ஏதோ சொல்கின்றன

டேன் 90 போட்டால் −1.995 வருகிறதா? கருவி ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருக்கிறது, பாகைக்கு மாற்றுங்கள். மாற்றியதும் பிழை என்று காட்டினால் அதுதான் சரியான பதில்.

பைத்தான் நிரல்மொழியில் பையின் (π) பாதிக்கு, அதாவது ரேடியன் கணக்கில் 90 பாகைக்கு, டேன் கேட்டால் பிழை காட்டாமல் 17 இலக்கத்தில் ஓர் எண்ணைக் கொடுக்கும். கணினியிடம் இருக்கும் பை மதிப்பு முழுமையானது அல்ல, அதனால் அது 90 பாகைக்கு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடுகிறது. அந்த எண்ணைச் சாய்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு கோடுகள் இணையா என்று பார்க்க நிரல் எழுதுகிறீர்கள், நின்ற கோடு வந்ததும் நிரல் படுத்துவிடுகிறது என்றால் வகுப்பதையே விட்டுவிடுங்கள். முதல் கோட்டின் ஒய் வித்தியாசத்தை இரண்டாம் கோட்டின் எக்ஸ் வித்தியாசத்தால் பெருக்குங்கள், முதல் கோட்டின் எக்ஸ் வித்தியாசத்தை இரண்டாவதின் ஒய் வித்தியாசத்தால் பெருக்குங்கள். இரண்டும் சமம் என்றால் கோடுகளின் திசை ஒன்று. மேலே சொன்ன ஏபி, சிடிக்கு 4 × 0, 0 × (−4), இரண்டும் 0, சரியாக வருகிறது. ஒரே புள்ளியை இரண்டு முறை கொடுத்தாலும் இந்த வழியில் 0 = 0 வந்து எல்லாமே இணை என்று காட்டிவிடும். அதனால் பெருக்கும் முன், புள்ளிகள் இரண்டும் வேறுதானா என்று பார்க்க ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.